ஆச்சியின் மஞ்சள் மாத்திரையும் சுப்பாராவும்

மக்களே, ஒரு சின்ன வேலை. இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் உங்க வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்க. சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, இதுக்கு நடுவுல மெத்தோட்ரெக்ஸேட் என்று ஓர் அட்டை கிடந்தால், வீட்டில் யாருக்கோ பெரும்பாலும் முடக்குவாதமோ சொரியாசிஸோ இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்திலேயே ஃபோலிக் ஆசிட் அட்டையும் இருக்கும். ரெண்டும் பெரும்பாலும் மஞ்சள் மாத்திரைதான். ஆனா ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. இன்னொரு விஷயம்: இரண்டுமே ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், ஒரே மனிதரின் தலைமையில் வேதிமுறையில் செய்யப்பட்டவை. அந்த மனிதர் சென்னையில் படித்தவர்.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனா எங்க ஆச்சி கதையைச் சொல்லாம அவர் கதைக்குப் போக முடியாது.

எங்க ஊர் பண்பொழி. செங்கோட்டைக்குப் பக்கம். திருமலைக்கோவில் என்று சொன்னால் பலருக்குத் தெரிந்துவிடும். மலை மேல முருகன், கீழே வயல், பின்னாடி மேற்குத் தொடர்ச்சி மலை. குற்றால சீசன்ல நீங்க எல்லாம் அருவிக்கு வண்டி கட்டி வருவீங்க. அதே சீசன்ல எங்க ஆச்சிக்கு விரல் மடங்காது. சாரல் அடிக்கத் தொடங்கினால் டம்ளரைப் பிடிக்கவே சிரமப்படுவாள். முடக்குவாதம். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு மட்டும், மெத்தோட்ரெக்ஸேட். மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட். இப்படித்தான் ரெண்டு வருஷம் ஒழுங்காகப் போனது.

நான் ரெண்டாம் வருஷம் படிக்கும்போது, மாத்திரை வாங்கின ஒரு கடையில் கவர் மேல தினமும் காலை ஒன்று என்று குறித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆச்சி எழுதியிருப்பதை மதிக்கிற ஆள். ஏழு நாள் தினமும் போட்டாள். ஆறாம் நாளே வாயெல்லாம் புண், கஞ்சி கூட இறங்கவில்லை. அப்புறம் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் பாதாளத்தில் கிடந்தன. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். அங்கே லூக்கோவோரின் என்று ஓர் ஊசி போட்டார்கள். பத்து நாளில் ஆச்சி தேறிவிட்டாள். எனக்குத்தான் ஒரு கேள்வி தேறவே இல்லை. லூக்கோவோரின் என்பது ஃபோலினிக் அமிலம். ஆச்சி ஏற்கெனவே ஃபோலிக் அமிலம் போட்டுக்கொண்டுதானே இருந்தாள்? ஒரே குடும்பத்து மருந்து. அது ஏன் காப்பாற்றவில்லை, இது எப்படிக் காப்பாற்றியது?

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்டேன். பயோடெக் படிக்கிறேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, ஒரு துண்டுச்சீட்டில் டி.ஹெச்.எஃப்.ஆர். என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு ஜீனின் பெயர். அன்றைக்கு ராத்திரி வார்டு வராண்டாவில் உட்கார்ந்து போனில் தேடினேன். தேடலின் முடிவில் வந்த பெயர் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். நம்ம பயோகெமிஸ்ட்ரி லேபில் பாஸ்பரஸ் அளவைக் கண்டுபிடிக்க நீல நிறம் வர வைப்போமே, ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை? அந்த சுப்பாராவ். ரெக்கார்டு நோட்டில் அந்தப் பெயரை எழுதினப்போ, இது யாரோ வெள்ளைக்காரரும் அவர் கூட்டாளியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் கோதாவரிக் கரைப் பக்கம் பீமவரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது மதராஸ் மாகாணம். தெலுங்குக் குடும்பம், வசதி கிடையாது, வீட்டில் ஏழு பிள்ளைகள். 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று திட்டம். வழியிலேயே பிடித்துத் திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். படிப்பும் ஓடவில்லை. மெட்ரிகுலேஷனில் ரெண்டு தடவை ஃபெயில். நடுவில் அப்பாவும் இறந்துபோனார். அம்மா வெங்கம்மா கையிலிருந்த நகையை விற்று மறுபடி படிக்க அனுப்பியதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறை தேறினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம், ஆனா மூணாவது தடவை அவர் படிச்சிட்டுத்தான் எழுதினார் என்பதையும் சேர்த்து எடுங்க.

மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட். அங்கே படிக்கும்போது சந்நியாச ஆசை வந்துவிட்டது. ராமகிருஷ்ண மடத்தில் சேரப் போனார். அம்மா சம்மதிக்கவே இல்லை. மடத்துக்காரர்களும், மருத்துவம் படித்துச் சேவை செய்யலாமே என்று வழி சொன்னார்கள். அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அதே கல்லூரியில் அவருக்குச் சில வருடம் முன்னால், 1912-ல், பட்டம் வாங்கிப் போனவர் முத்துலட்சுமி ரெட்டி. பின்னாளில் அடையாறு புற்றுநோய் நிலையத்தை உருவாக்கியவர். ஒரே கட்டடத்திலிருந்து கிளம்பின ரெண்டு பேரும் கடைசியில் ஒரே நோயை நோக்கிப் போய்ச் சேர்ந்தார்கள். முத்துலட்சுமிக்குத் தங்கையின் மரணம். சுப்பாராவுக்கு அண்ணன் தம்பி மரணம்.

இந்தச் சாவுகளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லணும். சுப்பாராவ் கல்லூரியில் இருக்கும்போதே சகோதரர்கள் ரெண்டு பேர் சில நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. வெப்பமண்டல நாடுகளில் வரும் குடல் நோய். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது, வயிற்றுப்போக்கு நிற்காது, நாக்கு வெந்துபோகும், ரத்தம் வற்றும். மருத்துவ மாணவன் வீட்டில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொஞ்ச நாளில் அவருக்கே அந்த நோய் வந்தது. ஆசண்ட லட்சுமிபதி என்ற புகழ்பெற்ற ஆயுர்வேத மருத்துவர்தான் அவரைத் தேற்றினார்.

கல்லூரியில் இன்னொரு வம்பு. காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் அறைக்கு கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. மற்ற தாள்களில் நன்றாகச் செய்திருந்தும் முழு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் வந்தது. அரசு மருத்துவ சேவையில் இடம் கிடைக்கவில்லை. தன்னைக் குணப்படுத்திய லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். ஆயுர்வேத மருந்துகளில் என்ன வேலை செய்கிறது என்று வேதியியல் வழியாகத் தெரிந்துகொள்ளும் ஆசை அங்கேதான் வந்தது.

1919-ல் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் சேஷகிரி, சின்னப் பெண். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்திதான் படிப்புச் செலவில் பெரும்பங்கைத் தாங்கினார். அமெரிக்கா போகவும் அவர் உதவி இருந்தது. மூன்று வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு சுப்பாராவ் கப்பல் ஏறினார்.

திரும்பி வரவே இல்லை. இதை இப்போ அப்படியே வைங்க, பிறகு வர்றேன்.

பாஸ்டனில் இறங்கும்போது கையில் பணம் சொற்பம். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் இருந்தது, உதவித்தொகை இல்லை. எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே மருத்துவராக வேலை பார்க்க முடியாது. அதனால் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவுவது வேலை. பகலில் வகுப்பு, ராத்திரி இது. டிப்ளமா முடித்தபின் ஹார்வர்டிலேயே சைரஸ் ஃபிஸ்கேயின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அந்த நாட்களில் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவர் கிளம்பிய பின் பிறந்த மகன், அவர் முகமே பார்க்காத குழந்தை, தோல் தொற்று ஒன்றில் இறந்துபோனான். ஒரு வயது கூட ஆகவில்லை.

ஹார்வர்டில் அவர் செய்ததை நான் வேகமாகக் கடக்கிறேன், ஏன்னா நீங்க அதைப் பாடப் புத்தகத்தில் படிச்சிருப்பீங்க, பெயர் மட்டும் இல்லாம. 1925-ல் அந்த நீல நிற பாஸ்பரஸ் முறை. அதை வைத்துத் தசையைத் தோண்டியதில் 1927-ல் பாஸ்போகிரியாட்டின். 1929-ல் ஏ.டி.பி. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே சமயம் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார். தசை லாக்டிக் அமிலத்தால் இயங்குகிறது என்ற கருத்துக்கு 1922-க்கான நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அந்தக் கருத்து இதோடு ஆட்டம் கண்டது. ஜிம்முக்குப் போகிற நம்ம பசங்க கிரியாட்டின் பவுடர் கலக்கிக் குடிக்கிறீங்களே, அந்தக் கதையின் தொடக்கமும் இந்த ஆள்தான்.

இவ்வளவுக்கும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. வெள்ளையர் அல்லாதவர், கூச்சக்காரர், தன் பங்கைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளத் தெரியாதவர். பேசினால் ஃபிஸ்கேயின் வேலை என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவாராம். அதே துறையில் படித்து 1988-ல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் பிற்காலத்தில் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை வெளியிட ஃபிஸ்கே விடவில்லை, பொறாமைதான் காரணம், அவற்றைப் பல வருடம் கழித்து வேறு ஆட்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். அடக்கம் நல்ல குணம்தான். ஆனா இந்த அளவு அடக்கத்தை நான் பாராட்டப் போறதில்ல. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் தன் பெயர் விடுபட்டால் வாயைத் திறக்காத ஆட்களை நம்ம வகுப்பிலும் பார்த்திருக்கிறேன்.

1940-ல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். கொஞ்ச காலத்தில் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவர். இனி வருவதுதான் மாத்திரைக் கதை.

இதற்குப் பத்து வருடம் முன்பு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் கர்ப்பிணி மில் தொழிலாளிகளுக்கு வரும் ஒரு கொடிய ரத்தசோகையை ஆராய்ந்தார். நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அவர் வேலை பார்த்திருக்கிறார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான சாற்றைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள் என்று 1931-ல் எழுதினார். ஈஸ்ட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது. 1941-ல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து ஒரு பொருளின் துளியைப் பிரித்து, லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். டன் கணக்கில் கீரை அரைத்து யாருக்கும் மருந்து கொடுக்க முடியாது. சுப்பாராவின் குழு அதன் அமைப்பைக் கண்டறிந்து, 1945-ல் ஆய்வகத்திலேயே செய்து காட்டியது. அப்புறம் கிலோக் கணக்கில் செய்யலாம் என்றானது.

ஃபோலிக் அமிலம் எந்தெந்த நோய்க்குக் கேட்டது தெரியுமா? கர்ப்பகால ரத்தசோகைக்கு. அப்புறம் ஸ்ப்ரூவுக்கு. ஆமா, அவர் சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்ப்ரூ. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து மருந்து வந்தது, அவர் கையாலேயே வந்தது. அந்தத் தகவல் கிடைத்த நாளில் அவர் என்ன செய்தார், யாரிடம் சொன்னார் என்று எந்தப் பதிவிலும் நான் பார்க்கவில்லை.

இப்போ ஜீனுக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையா வாங்க, மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் புரியும்.

செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கணும். அதற்கு ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளும் கைவசம் இருக்கணும். இதில் டி என்ற எழுத்தை, அதாவது தைமினை, செய்ய ஒரு கார்பன் துண்டு தேவை. அந்தத் துண்டைச் சுமந்து வந்து கொடுப்பது ஃபோலேட். கோலி சோடா கடையை நினைச்சுக்கோங்க. நிரம்பிய பாட்டில் கடைக்கு வருது, குடிக்கிறோம், காலி பாட்டில் கம்பெனிக்குத் திரும்பிப் போகணும், மறுபடி நிரப்பி வரணும். ஃபோலேட்தான் பாட்டில். காலி பாட்டிலை மறுபடி பயன்படும்படி ஆக்கும் மெஷின் ஒரு நொதி, டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ். சுருக்கமாக டி.ஹெச்.எஃப்.ஆர். அதைச் செய்யும் ஜீன் நம் ஐந்தாம் குரோமோசோமில் இருக்கிறது. உங்ககிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு.

புற்றுநோய் ஜீன் என்றால் எல்லாரும் நினைப்பது பி.ஆர்.சி.ஏ. மாதிரி, கெட்டுப்போனால் நோய் வரும் ஜீனைத்தான். டி.ஹெச்.எஃப்.ஆர். அந்த ரகம் இல்ல. அது கெடவில்லை, யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஒழுங்காக வேலை பார்க்கிறது. வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்லுக்கு எழுத்துகள் எக்கச்சக்கமாகத் தேவைப்படுவதால், அதுக்கும் சேர்த்து உழைக்கிறது. அவ்வளவுதான்.

சுப்பாராவின் காலத்தில் இந்த ஜீனைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. டி.என்.ஏ.யின் முறுக்கேணி வடிவமே 1953-ல்தான் வந்தது. தெரிந்தது ஒரே ஒரு கவலையான விஷயம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோயியல் மருத்துவர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு லெடர்லி தந்த ஃபோலிக் அமில வகை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். ரத்தசோகைக்கு நல்லது என்றால் இதற்கும் நல்லதாக இருக்குமே என்ற எண்ணம். நடந்தது நேர் எதிர். நோய் இன்னும் வேகம் எடுத்த மாதிரி தெரிந்தது. அந்தக் குழந்தைகளை நினைத்தால் இப்பவும் வயிறு பிசையுது. அந்தத் தோல்வியிலிருந்துதான் ஃபார்பர் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஃபோலிக் அமிலம் நோயை வளர்க்கிறது என்றால், அதைத் தடுக்கும் ஒன்று நோயை அடக்குமா?

தடுக்கும் பொருள் சுப்பாராவின் ஆய்வகத்தில் இருந்தது. ஃபோலிக் அமிலத்தை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்களுக்கு, ஓர் இடத்தில் ஆக்ஸிஜனுக்குப் பதில் அமினோ குழுவை வைத்துப் போலியைச் செய்வதும் கைவந்தது. அதுதான் அமினோப்டெரின். பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். சோடா மெஷினுக்குள்ளே போய் மாட்டிக்கொள்ளும் போலி பாட்டில். நிஜ பாட்டிலைவிடப் பல நூறு மடங்கு இறுக்கமாக மாட்டும். மெஷின் நின்றுவிடும். டி எழுத்து தீர்ந்துபோகும். பெருகும் செல் பாதியில் தவித்துச் சாகும்.

1947 டிசம்பர் கடைசியில் ஃபார்பர் இதை முதல் குழந்தைக்குக் கொடுத்தார். கட்டுக்கடங்காமல் ஏறிய வெள்ளை அணுக்கள் இறங்கத் தொடங்கின. 1948 ஜூனில் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகள். 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. சில மாதங்களுக்குத்தான், பிறகு திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அதுவரை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை சில வாரங்களில் போய்விடும், மருத்துவர் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் முறையாக நோய் ஓர் அடி பின்னால் போனது. அமினோப்டெரினில் ஒரு மீத்தைல் குழுவைச் சேர்த்து அதே ஆய்வகம் செய்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட். எங்க ஆச்சியின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை.

அந்தக் கட்டுரை வந்த இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். 53 வயது. யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அவர் தலைமையில் இருந்த காலத்தில் வந்தவைதான். மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் கொடுத்து, கருப்பையில் வரும் ஒரு வகைப் புற்றுநோயை 1956-ல் முழுசாகக் குணப்படுத்தினார்கள். மருந்தால் மட்டுமே ஒரு திடக்கட்டிப் புற்றுநோய் தீர்ந்தது அதுதான் முதல் தடவை. பார்க்க அவர் இல்லை. மருந்து எந்த நொதியில் போய் மாட்டுகிறது என்பதே 1958 வாக்கில்தான் தெளிவானது.

சரி, குணமான குழந்தைகளுக்கு நோய் ஏன் திரும்பி வந்தது? இதுக்கு ஒரு பதில் 1978-ல் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஷிம்கேயின் ஆய்வகத்திலிருந்து வந்தது. இந்த இடம்தான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. அவர்கள் எலிப் புற்றுநோய் செல்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள். பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றைத் திறந்து பார்த்தால் டி.ஹெச்.எஃப்.ஆர். ஜீன் ஒன்றிரண்டு இல்லை, சில செல்களில் 200 மடங்கு வரை இருந்தது. அதாவது, மெஷினில் போலி பாட்டில் சிக்கினால் இன்னொரு மெஷின், அதுவும் சிக்கினால் இன்னொன்று. ஒரு செல்லில் ஜீன்களின் எண்ணிக்கை மாறாது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அடி. சிலவற்றில் கூடுதல் நகல்கள் குரோமோசோமை விட்டு வெளியே வந்து குட்டிக் குட்டித் துணுக்குகளாக மிதந்தன. மருந்தை நிறுத்தினால் அவை மெல்ல மெல்லத் தொலைந்தும் போயின. பின்பு மனித நோயாளிகளின் புற்றுநோய் செல்களிலும் இதைப் பார்த்தார்கள். திரும்பி வரும் நோய்க்கு இது ஒரு வழி மட்டும்தான், வேறு வழிகளும் உண்டு. அதனால்தான் இன்றைக்கு ஒரே மருந்தைக் கொடுப்பதில்லை, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் குழந்தைகளின் லிம்போ வகை ரத்தப் புற்றுநோயில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பிழைக்கிறார்கள். அந்தக் கூட்டணியில் மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் இருக்கிறது.

ஹிட்ச்சிங்ஸ் பெயரை மேலே சொன்னேனே, அவர் குழு இதே நொதியை வேறு பக்கமிருந்து பிடித்தது. பாக்டீரியாவுக்கும் டி.ஹெச்.எஃப்.ஆர். உண்டு, ஆனா வடிவம் கொஞ்சம் வேறு. அதன் மெஷினில் மட்டும் சிக்கி நம்ம மெஷினைப் பெரும்பாலும் விட்டுவிடும் போலியைச் செய்தார்கள். டிரைமெத்தோப்ரிம் என்று பெயர். மெத்தோட்ரெக்ஸேட் போடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைச் சேர்த்துப் போடக்கூடாது என்பதையும் சொல்லிடறேன்.

இப்போ ஆச்சியின் ஊசிக்குப் பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஃபோலிக் அமில மாத்திரை காலி பாட்டில் மாதிரி, பயன்பட வேண்டுமானால் டி.ஹெச்.எஃப்.ஆர். மெஷினுக்குள் போய் வரணும். ஏழு நாள் மருந்தால் மெஷின் மொத்தமும் அடைபட்டுவிட்டால் எத்தனை காலி பாட்டிலை அடுக்கி என்ன? ஃபோலினிக் அமிலமோ ஏற்கெனவே நிரப்பிய பாட்டில். மெஷினைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நேரே கடைக்கு வந்துவிடும். ஆச்சியின் வாய், குடல், எலும்பு மஜ்ஜை மூன்றும் உடம்பில் ஓயாமல் செல் பெருக்கும் இடங்கள். புற்றுநோய்க்கு வைத்த அதே பொறியில் அவை மாட்டிக்கொண்டன. வாரம் ஒரு முறை குறைந்த அளவு என்றால் தாங்கும். தினமும் என்றால் தாங்காது.

இதையெல்லாம் ஆச்சிக்கு அப்பவே வார்டில் உட்கார்ந்து சொன்னேன். ஜீனும் பாட்டிலும் அவளுக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. மலச்சட்டி கழுவின இடத்தில் தலையை ஆட்டினாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எய்யா, அந்தப் புள்ள என்ன ஆச்சு, கட்டிக்கிட்டு வந்தவ?

நான் வைங்கன்னு சொன்ன இடம் இதுதான். சுப்பாராவ் கடைசி வரை ஊர் திரும்பவில்லை. சேஷகிரியை மறுபடி பார்க்கவே இல்லை. மூன்று வருஷம் என்று சொன்னது இருபத்தைந்து வருஷம் ஆனது. முதலில் பணம் இல்லை, பிறகு ஆராய்ச்சி முடியவில்லை, பிறகு உலகப் போர். போர் முடிந்த பின்பும் கிளம்பவில்லை. 1946-ல் சட்டம் மாறி இந்தியர்களும் அமெரிக்கக் குடியுரிமை கேட்கலாம் என்றானபோதும் அவர் வாங்கவில்லை, அங்கே இந்தியராகவேதான் இறந்தார். ஊரையும் விடவில்லை, ஊருக்கும் வரவில்லை. இவரைப் பற்றி எழுதுகிற பலரும் இதைத் தியாகம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தியாகம் என்றால் அதில் பாதிக்கு மேல் அந்தப் பெண்ணுடையது, அவளிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டது. ஆராய்ச்சியா குடும்பமா என்று யாரும் அவரை நிறுத்திக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று தள்ளிப்போயிருக்கும். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கக் கிளம்பும் நம்மில் சிலர் வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் கணக்கும் இரண்டு மூன்று வருஷம்தான்.

1995-ல் நூற்றாண்டுக்கு இந்தியா ஒரு தபால்தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆச்சிக்கு நான் உண்மையைச் சொன்னேன். அவர் வரவே இல்லை, அந்த அம்மா இங்கேயே இருந்தார் என்று. ஆச்சி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மருந்து நல்ல மருந்துதான், ஆனா ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மெத்தோட்ரெக்ஸேட் அட்டையைத் தனி டப்பாவில் போட்டு, மூடி மேல ஞாயிறு என்று சிவப்பு ஸ்கெட்ச்சில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். உங்க வீட்டு டப்பாவிலும் அந்த அட்டை இருந்தால் இன்றைக்கே இதைச் செய்யுங்க. ஆச்சி இப்போது காலண்டர் தாளைக் கிழித்து, கிழமையை வாய்விட்டு ஒரு தடவை படித்த பிறகுதான் அதைத் திறக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது சாரல் ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாள். டம்ளரைப் பிடிக்க முடிகிறதாம்.